டாக்டருக்கே செக்-அப்! ஒரு டீபக்கரின் பரண் ஒழிந்த கதை

பணம் அனுப்பும் நேரத்தில் போனில் உள்ள ஆப் திடீரென்று நின்றுவிடுகிறது. பயன்படுத்துபவர் ஒருமுறை திட்டிவிட்டு, மூடித் திறந்துகொள்வார். அதை எழுதிய புரோகிராமர் அப்படி விட்டுவிட முடியாது. எந்த வரியில், எந்தக் கணக்கு தப்பியது என்று அவர் கண்டுபிடித்தாக வேண்டும். அப்போது அவர் கையில் எடுப்பதுதான் டீபக்கர்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நினைத்த இடத்தில் நிறுத்தி, 'இப்போது உனக்குள் என்ன இருக்கிறது, காட்டு' என்று கேட்கும் கருவி இது. நிறுத்துகிற வித்தை சுவாரஸ்யமானது. இன்டெல் வகை கம்ப்யூட்டர்களில், நிறுத்த வேண்டிய இடத்தில் உள்ள கட்டளையின் முதல் பைட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அங்கே 'நில்' என்று பொருள்படும் வேறொரு பைட்டை வைத்துவிடும். புரோகிராம் அங்கே வந்ததும் இடறி நிற்கும். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும், பழைய பைட்டைத் திரும்ப வைத்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடவிடும்.

சரி, டீபக்கரே தப்பாகச் சொன்னால்? உள்ளே 5,000 இருக்கும்போது 500 என்று காட்டினால்? இல்லாத தவறைத் தேடி புரோகிராமருக்கு இரண்டு நாள் போய்விடும். போதாக்குறைக்கு, சரியாக இருக்கும் வரியைத் 'திருத்தி' புதிய தவறையும் உண்டாக்கிவிடுவார். ஸ்கேன் ரிப்போர்ட் மாறிப்போன நோயாளியின் கதைதான். அதனால்தான் டீபக்கரை உருவாக்குபவர்கள், அதைச் சோதிப்பதற்கென்று ஆயிரக்கணக்கான தானியங்கிச் சோதனைகளையும் கூடவே எழுதி வைக்கிறார்கள். டீபக்கரில் ஒரு வரியை மாற்றினாலும் அத்தனையும் மறுபடி ஓடும்.

அந்தச் சோதனைகள் பல வருடங்களாகச் சேர்ந்து பரண்போல ஆகிவிட்டால் என்ன செய்வது?

கேள்வி கேட்டு, பதிலைப் பிடிப்பது

லினக்ஸ் உலகில் அதிகம் புழங்கும் டீபக்கரின் பெயர் ஜிடிபி. 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கியது. அதன் சோதனைகள் பெரும்பாலும் ஓர் உரையாடல் மாதிரி இருக்கும். சோதனைக்கென்றே எழுதிய ஒரு குட்டி புரோகிராம். பக்கத்தில் ஒரு வசன ஃபைல்: 'இந்தக் கட்டளையைக் கொடு, இந்தப் பதில் வருகிறதா பார்.' பதிலைக் காத்திருந்து பிடிக்கும் மென்பொருளுக்கு 'எக்ஸ்பெக்ட்' என்று பெயர். அதன் மேல் கட்டப்பட்ட சோதனை அமைப்புக்கு 'டேஜாக்னு'. 'இதை முன்பே பார்த்திருக்கிறோமே' என்று தோன்றும் உணர்வைச் சொல்லும் பிரெஞ்சு வார்த்தையை வைத்து விளையாடிய பெயர் அது. ஒருமுறை விரட்டிய தவறு திரும்ப வந்து நிற்கும் தொழிலில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

ஆரம்பத்தில் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஓடின. பிறகு கம்ப்யூட்டருக்குள் நான்கு, எட்டு, பதினாறு என்று கோர்கள் வந்தன. ஒரே நேரத்தில் பல சோதனைகளை ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று பார்த்தால், சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சோதனைகள் தயாரிக்கும் ஃபைல்கள் பொதுவான ஃபோல்டர்களில் போய் விழுந்துகொண்டிருந்தன. இரண்டு சோதனைகள் ஒரே பெயரில் ஃபைல் உருவாக்கினால், ஒன்று வைத்ததை மற்றொன்று அழித்துவிடும். வரிசையில் ஓடியவரை இது யார் கண்ணிலும் படவில்லை. கூட்டுக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே அலமாரி என்றால், ஆளாளுக்கு வேறு வேறு நேரத்தில் திறக்கும்வரைதான் சமாதானம்.

ஒவ்வொரு சோதனைக்கும் தனி ஃபோல்டர் ஒதுக்கியதுதான் தீர்வு. சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு, பழைய இடத்தையே நம்பி எழுதப்பட்டிருந்த சோதனைகளையெல்லாம் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில்

பரணில் கிடப்பவற்றிலேயே ஆபத்தானது, சில நாள் தேறி, சில நாள் தோற்கும் சோதனை. காரணம் பல நேரங்களில் டீபக்கரே அல்ல. கம்ப்யூட்டருக்கு வேலை அதிகமாக இருக்கும்போது, டீபக்கரின் பதில் முழுதாக வராமல் இரண்டு துண்டாக வந்து சேரும். முதல் துண்டை மட்டும் பார்த்த சோதனை, 'நான் கேட்டது இது இல்லை' என்று ஃபெயில் போட்டுவிடும். இப்படி நாலைந்து சோதனைகள் இருந்தால் போதும். சிவப்பு வரியைப் பார்த்தாலே 'அது எப்பவும் அப்படித்தான், திரும்ப ஓட்டு' என்று சொல்லப் பழகிவிடுவார்கள். உண்மையான தவறும் அதே சிவப்பில்தான் வரும் என்பதுதான் கொடுமை.

இதற்கு ஜிடிபி குழுவிடம் ஓர் அழகான வைத்தியம் இருக்கிறது. பதிலை வேண்டுமென்றே ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக மட்டுமே படிக்க வைத்து எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார்க்கும் வசதி அது. அவசரப்பட்டு முடிவெடுக்கும் சோதனைகள் அங்கே மாட்டிக்கொள்ளும்.

பெயர் வைப்பதிலும் ஒழுங்கு வேண்டியிருந்தது. ஒரே ஓட்டத்தில் இரண்டு சோதனைகளுக்கு ஒரே பெயர் இருந்தால், நேற்று தேறியது எது, இன்று தோற்றது எது என்று ஒப்பிட முடியாது. வகுப்பில் இரண்டு செந்தில்கள் இருந்து, இனிஷியல் இல்லாமல் மார்க் ஷீட் வந்த மாதிரி. இப்போது ஓட்டம் முடிந்ததும், பெயர் இரட்டிப்பு எத்தனை என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறது.

முடிவுகளிலும் வெறும் பாஸ், ஃபெயில் மட்டும் கிடையாது. 'தோற்கும் என்று தெரியும், காரணம் கம்பைலர் போன்ற வெளி ஆள்' என்பதற்கு ஒரு முத்திரை. 'தோற்கும் என்று தெரியும், தவறு எங்களுடையதுதான், இதோ புகார் எண்' என்பதற்கு இன்னொரு முத்திரை. தன் தவறையும் அடுத்தவர் தவறையும் தனித்தனியாக எழுதி வைக்கும் இந்த நேர்மை பல அலுவலகங்களுக்கே வாய்க்காதது.

வீடு மாறியபோது

ஐபோன் ஆப்களை எழுதுபவர்கள் பயன்படுத்தும் எக்ஸ்கோடுக்குள் இருப்பது எல்எல்டிபி என்ற வேறொரு டீபக்கர். அங்கே நடந்தது நிஜமான வீடு மாற்றம். பைத்தானில் எழுதிய சோதனைகள் ஒரு பேக்கேஜின் அடியாழத்தில், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புதைந்து கிடந்தன. இன்னொரு வகைச் சோதனைகள், அவற்றை ஓட்டும் கருவியின் பெயரிலேயே தனி ஃபோல்டரில் இருந்தன. எண்ணெய் எந்த டப்பாவில் என்று கேட்டால், 'நீல மூடி போட்டதில்' என்பதுபோல. புதிதாக வருபவருக்கு அது எப்படித் தெரியும்?

2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலுமாக அவை ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. கட்டளைகளைக் கொடுத்து வெளிவரும் எழுத்தைப் பார்ப்பவை 'ஷெல்' பிரிவில். புரோகிராமை ஓடவிட்டு, டீபக்கரின் உள் வசதிகள் வழியாகவே கேள்வி கேட்பவை 'ஏபிஐ' பிரிவில். இரண்டாவது வகைக்கு ஒரு லாபம் உண்டு. நாளை யாராவது திரையில் வரும் வாசகத்தை அழகுபடுத்தினாலும் அது தோற்காது. பதில் சரியா என்று பார்க்குமே தவிர, சொன்ன வார்த்தை அதேதானா என்று பார்க்காது.

இன்னொரு வீண் செலவும் உண்டு. மூல கோடின் எந்த வரி, இயந்திரத்தில் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை கம்பைலர் எழுதி வைக்கும். அந்த வடிவத்தின் பெயர் டுவார்ஃப். (புரோகிராம் ஃபைலின் வடிவத்துக்கு 'எல்ஃப்' என்று பெயர் வந்துவிட்டதால், மாயாஜாலக் கதைகளில் அதன் ஜோடியான குள்ளனும் வந்து சேர்ந்தான்!) இந்த வரைபடத்தைச் சேமிக்கும் முறைகள் ஒன்றுக்கு மேல் இருப்பதால், எல்எல்டிபியில் ஒரே சோதனை ஒவ்வொரு முறைக்கும் ஒரு தடவை திரும்பத் திரும்ப ஓடும். வரைபடத்துக்குச் சம்பந்தமே இல்லாத சோதனையும் அப்படியே ஓடினால் நேரம்தான் வீண். அப்படிப்பட்டவற்றுக்கு 'ஒரு தடவை போதும்' என்று குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது.

இடம் மாற்றுவதில் ஒரு பயம் உண்டு. ஓட்டும் கருவி எட்டிப் பார்க்காத ஃபோல்டரில் ஒரு சோதனை போய் உட்கார்ந்துவிட்டால், அது தோற்காது. ஓடவே ஓடாது. திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பாஸ் ஆனவற்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. மாற்றுவதற்கு முன் எத்தனை ஓடின, பின் எத்தனை ஓடின என்று எண்ணுகிறார்கள். கூடவே, டீபக்கரில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, உரிய சோதனை அலறுகிறதா என்றும் பார்ப்பதுண்டு.

ஜிடிபியின் சோதனைகளில் இன்னொரு வேடிக்கையான ஃபோல்டர் இருக்கிறது. அங்கே நோயாளியும் ஜிடிபி, டாக்டரும் ஜிடிபி. ஒரு ஜிடிபி இன்னொரு ஜிடிபியைப் பிடித்து நிறுத்தி, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும். நோயாளியாக வந்த ஜிடிபிக்குள் அந்த வரைபடம் இல்லையென்றால் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.