பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போறீங்களா? கையில ஒரு மல்ட்டிமீட்டர் இருக்கட்டும்

இன்னைக்கு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பத்திப் பேசப் போறோம். மரான்ட்ஸ், சான்சுயி, பயனியர்னு எழுபதுகள்ல வந்த அந்தப் பெட்டிகள்தான். வெள்ளி முகப்பு, கனமான குமிழ், மரப்பெட்டி. போட்டோவைப் பார்த்ததுமே வாங்கத் தோணும். விக்கிறவங்களுக்கும் அது நல்லாவே தெரியும்.

ஆனா நீங்க வாங்குறது 45, 50 வருஷம் ஆன ஒரு மின்சாதனம். வெளிய பளபளன்னு இருக்கிறதை வெச்சு உள்ள என்ன நிலைமைன்னு சொல்ல முடியாது. கெட்டுப்போனதை வாங்கினா அந்தக் காசு மட்டும் போகாது, நீங்க மாட்டுற ஸ்பீக்கரும் சேர்ந்து போகலாம்.

அது எப்படின்னா, ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது ஏசி சிக்னல். உள்ள ஒரு டிரான்சிஸ்டர் பழுதானா அந்த வழியா டிசி போக ஆரம்பிக்கும். ஸ்பீக்கரோட கோன் ஒரு பக்கமா தள்ளிக்கிட்டே நிற்கும், காயில் சூடாகி எரிஞ்சிடும். இதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மல்ட்டிமீட்டர் போதும். ஸ்பீக்கரைக் கழட்டிடுங்க. வால்யூம் சைபர்ல இருக்கட்டும். ஆன் பண்ணிப் பத்து நிமிஷம் விடுங்க. மீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வெச்சு, பின்னாடி ஸ்பீக்கர் மாட்டுற சிவப்பு, கறுப்பு முனைகள்ல தொட்டுப் பாருங்க. ரெண்டு சேனலையும் தனித்தனியா பார்க்கணும். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழ இருந்தா நல்லது. 100-ஐத் தாண்டினா, சர்வீஸ் பண்ணாம ஸ்பீக்கரை மாட்டாதீங்க. வோல்ட் கணக்குல காட்டினா, நான் அப்படியே எழுந்து வந்துடுவேன்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பல ஆம்ப்கள்ல ஆன் பண்ணிச் சில வினாடி கழிச்சு "டக்"னு ஒரு சத்தம் வரும். அது பாதுகாப்பு ரிலே ஸ்பீக்கரை இணைக்கிற சத்தம். அந்த டக் வராம மீட்டர் சைபர் காட்டினா சந்தோஷப்படாதீங்க. ரிலே இன்னும் திறந்தே கிடக்கு, அதனால அந்த அளவுக்கு அர்த்தமே இல்ல. முகப்புல ஸ்பீக்கர் சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது வோல்ட்டேஜ். ஜப்பான் உள்ளூர் விற்பனைக்குச் செஞ்ச செட் 100 வோல்ட், அமெரிக்காவுக்குப் போனது 120. நம்ம வீட்டுல வர்றது 230. பின்பக்கத் தகட்டுல எழுதியிருக்கும், அதைப் படிக்காம பிளக்கைச் சொருகாதீங்க. சில மாடல்கள்ல பின்னாடியே வோல்ட்டேஜ் மாத்துற வசதி இருக்கும். இல்லன்னா ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். அந்தச் செலவையும் விலையோட சேர்த்துக்கோங்க. கடையில 110 வோல்ட்தான் சுலபமா கிடைக்கும். 100 வோல்ட் செட்டுக்கு 100-ஏ கேட்டு வாங்குங்க. சோனோடைன், காஸ்மிக் மாதிரி நம்ம நாட்டுத் தயாரிப்புல இந்தத் தலைவலி இல்ல. பழைய சோனோடைனை யாரும் பெரிசா கண்டுக்கிறதில்ல, எனக்கு அதுல வருத்தம்தான்.

பல வருஷமா பரண்ல கிடந்த செட்னா நேரடியா கரண்ட் கொடுக்கக் கூடாது. மெக்கானிக்குகிட்ட சீரீஸ் பல்ப் இருக்கும். எல்இடி இல்ல, பழைய குண்டு பல்ப். அது வழியா ஆன் பண்ணினா பல்ப் பளிச்னு எரிஞ்சு மங்கணும். மங்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட். நீங்களா மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள்ல சார்ஜ் நிற்கும்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரன்னா பயப்படாதீங்க. பெரும்பாலும் அழுக்குதான், கான்டாக்ட் கிளீனர் அடிச்சா போயிடும். விலை பேசவும் நல்ல காரணம். வால்யூம் சைபர்லயும் "ம்ம்ம்"னு உறுமினா, கெப்பாசிட்டர்கள் காய்ஞ்சிருக்கலாம், மாத்தணும். எஸ்டிகேன்னு தொடங்குற ஐசி உள்ள செட்டா இருந்தா, ஒரிஜினல் ஐசி கிடைக்குமான்னு முதல்ல விசாரிங்க. அந்த வரிசையில பலதும் இப்போ தயாரிப்புல இல்ல, போலி நிறைய சுத்துது. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டுப் பாருங்க.

வாட்ஸ் பத்தி அதிகம் கவலை வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுறது 3 டெசிபல்தான். 1978-ல வந்த என்ஏடி 3020 ஒரு சேனலுக்கு வெறும் 20 வாட்ஸ், இன்னைக்கும் அதைத் தேடி வாங்குறாங்க. நம்ம ஊர் ஹாலுக்கு அது தாராளம்.

வாங்கியாச்சு, மொபைலை எங்க மாட்டுறது? ஆக்ஸ், டியூனர், டேப், இதுல எதுல வேணும்னாலும் மாட்டலாம். ஃபோனோன்னு ஒண்ணு இருக்கும், அது ரெக்கார்டு பிளேயருக்கானது. ரொம்பச் சன்னமான சிக்னலைப் பல மடங்கு பெருக்குறதுக்காக வெச்சது. மொபைலை அதுல மாட்டினா சத்தம் உடைஞ்சு பிசிறடிக்கும். பேர்ல ஃபோன் இருக்குன்னு ஏமாந்துடாதீங்க!