எடிட்டிங்குக்கு எந்த ஓ.எஸ்.? வேகத்தோடு இதையும் பாருங்கள்!

கல்யாண வீடியோ எடுப்பவர்கள், குறும்பட இயக்குநர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள் என எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மேக்கா, விண்டோஸா?"

டைம்லைன் திக்கித் திணறினால் பழி ஓ.எஸ். மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு வேறிடத்தில் இருக்கும். இன்றைய கேமராக்கள் தரும் 10-பிட் 4:2:2 ஹெச்.265 ஃபுட்டேஜைத் திணறாமல் விரித்துக் காட்ட சிப்பிலேயே வசதி வேண்டும். 2020-இல் மேக்கில் வந்த எம்1 சிப்பில் அது இருந்தது. அதனால் மேக்குக்குப் பெயர் கிடைத்தது. விண்டோஸ் கணினிகளில் போடும் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் 2025 வரை அது இல்லை. லினக்ஸிலும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் ஓடும். ஆனால் அதன் இலவசப் பதிப்பில் ஹெச்.264 ஃபைல்களை மாற்றிக்கொள்ளாமல் வெட்ட முடியாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. எந்தக் கணினியானாலும் ப்ராக்ஸி போட்டு வெட்டினால் பாதித் தொல்லை தீரும்.

முகூர்த்த மாதத்தில் வேகம்தான் சோறு போடுகிறது என்பார்கள். நியாயம்தான். ஆனால் இன்று வெட்டும் வேலை பத்து வருடம் கழித்துத் திறக்குமா என்று யாரும் கேட்பதில்லையே!

2011-இல் ஃபைனல் கட் ப்ரோ முற்றிலும் புதிதாக வந்தபோது, பழைய ஏழாம் பதிப்பின் ப்ராஜெக்ட்டுகள் அதில் திறக்கவில்லை. 2017-இல் வந்த மேக் ஓ.எஸ். ஹை சியராவில் அந்த ஏழாம் பதிப்பே ஓடாமல் போனது. அது மேக்கில் மட்டுமே இயங்கும் மென்பொருள் என்பதால் விண்டோஸில் அதை ஓட்டவும் வழியில்லை. ஃபுட்டேஜ் பத்திரமாக இருக்கும். இரவு பகலாக உட்கார்ந்து செய்த வெட்டும் கலரும் ஒலிக்கலவையும் கைக்கு எட்டாது. ஓர் ஆவணப்படத்தைத் திருத்தி மறுபடி வெளியிட நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன?

ஹார்ட் டிஸ்க்கிலும் இதே சிக்கல். என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கை மேக் படிக்கும், நேரடியாக எழுதாது. எக்ஸ்ஃபேட் மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். ஆனால் பாதி காப்பியில் வெடுக்கென்று பிடுங்கினால் ஃபைல்கள் கெடக்கூடும்.

ஆகவே ஒவ்வொரு வேலை முடிந்ததும் ப்ரோரெஸ் அல்லது டி.என்.எக்ஸ்.ஹெச்.ஆரில் ஒரு மாஸ்டர், டைட்டில் இல்லாத ஒரு பிரதி, வசனத்துக்கும் இசைக்கும் தனித்தனி ஒலி ஃபைல்கள், டைம்லைனின் எக்ஸ்.எம்.எல். ஆகியவற்றை எடுத்து இரண்டு டிஸ்க்குகளில் வையுங்கள். இதற்கான நேரத்தையும் செலவையும் கூலியிலேயே சேர்த்துக் கேளுங்கள். அதன்பின் எந்த ஓ.எஸ்.ஸில் வேண்டுமானாலும் வெட்டலாம்.