பூச்சி பழகுவதில்லை, மிஞ்சுகிறது

எங்கள் ஒரகடம் பக்கத்து உரக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்: "பூச்சி மருந்துக்குப் பழகிடுச்சு சார். போன பட்டத்துல கேட்டது இப்ப கேக்கல." கடைக்காரரும் தலையை ஆட்டிவிட்டு, அதைவிட விலை கூடின பாட்டிலை எடுத்து வைப்பார்.

"பழகிடுச்சு" என்கிற அந்த வார்த்தையில்தான் கோளாறு. குடிகாரனுக்குச் சாராயம் பழகுகிற மாதிரி எந்தப் பூச்சியும் நஞ்சுக்குப் பழகுவதில்லை. செத்தது செத்ததுதான். ஆனால் மருந்து அடிப்பதற்கு முன்பே, கூட்டத்தில் ஒன்றிரண்டு பிறவியிலேயே அந்த நஞ்சைத் தாங்கக்கூடியதாக இருக்கும். மருந்து வரப்போகிறது என்று தெரிந்து அது அப்படிப் பிறக்கவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒன்றுபோல இருப்பதில்லையே, அதுமாதிரி தற்செயல். மற்றதையெல்லாம் கொன்று, நாம்தான் அதற்கு இடத்தையும் இரையையும் ஒழித்துக் கொடுக்கிறோம். அடுத்த தலைமுறை அதன் பிள்ளைகள். டார்வின் 1859-ல் புத்தகமாக எழுதிய இயற்கைத் தேர்வின் சாரம் இவ்வளவுதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வட்டி போட்டவனுக்கு இது கூட்டு வட்டியாகத்தான் தெரிகிறது. புகையானை வைத்து ஒரு கணக்கு. லட்சத்தில் ஒன்று மருந்தைத் தாங்கும். மற்றதில் நூற்றுக்கு 95 சாகும் என்று வைப்போம். ஒவ்வொரு தெளிப்புக்கும் தாங்குகிறதன் பங்கு 20 மடங்கு ஏறும். 5,000-க்கு ஒன்று, பிறகு 250-க்கு ஒன்று, பிறகு 12-க்கு ஒன்று. நாலாவது தெளிப்பில் பாதிக்கு மேல் அதுதான். நிஜத்தில் கலப்பு, வெளியிலிருந்து பறந்து வருவது என்று கணக்கு இழுபடும், திசை மாறாது. புகையானுக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாசம். அதைத் தின்கிற ஓநாய்ச் சிலந்திக்குப் பல மாசம். அதாவது எதிரிக்கு மாச வட்டி, நண்பனுக்கு வருஷ வட்டி.

தேர்வு செய்ய நஞ்சுதான் வேண்டும் என்றில்லை, வெறும் கையே போதும். கழனியில் முளைக்கும் குதிரைவாலிப் புல்லைப் பாருங்கள். நாற்று உயரத்தில் நெல்லா, புல்லா என்று பார்த்ததும் சொல்ல முடியாது. இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நெல்லுக்கு வெள்ளைச் சவ்வு ஒன்று இருக்கும், புல்லுக்கு இருக்காது. களை எடுக்கிற பெண்கள் அடித்தண்டு சிவந்ததை, படர்ந்து கிடப்பதைச் சட்டென்று கண்டு பிடுங்கினார்கள். பச்சைத் தண்டோடு நெல்போல நேராக நின்றது தப்பியது, விதை விட்டது. இப்படிப் பரம்பரை பரம்பரையாக. சீன விஞ்ஞானிகள் 2019-ல் இந்தப் புல்லின் மரபணுக்களை ஆராய்ந்து, யாங்சி ஆற்றுப் பகுதியில் இந்த வேஷம் சுமார் 1,000 வருஷத்துக்கு முன் தொடங்கியது என்று கணித்தார்கள். வேஷம் போட்டது புல் இல்லை, போட வைத்தது களை எடுத்த கைகள்.

இப்போது அந்தக் கைகள் காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுகின்றன. குறை சொல்லவில்லை, கழனிக் கூலி அந்தச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் கைக்குப் பதில் களைக்கொல்லி வந்தால் தேர்வு நிற்காது, வேகம்தான் கூடும். ஹரியானாவில் கோதுமைக் களைக்கு வருஷா வருஷம் ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தை அடித்தார்கள். 1990-களின் தொடக்கத்திலேயே அதற்குச் சாகாத களை வயல்களை நிறைத்துவிட்டது.

பி.டி. பருத்தி 2002-ல் இந்தியாவுக்கு வந்தபோது 450 கிராம் விதைப் பையோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் கொடுத்தார்கள். ஓரத்தில் விதைத்தால் அதில் நஞ்சைத் தாங்காத புழுவும் பிழைத்து வளரும். தாங்குகிற அரிய அந்துப்பூச்சி அதோடு கூடினால், பிறக்கும் புழு பெரும்பாலும் பி.டி. செடியில் சாகும். யோசனை சரி, விதைத்தவர்கள்தான் குறைவு. நாலு பைசா லாபம் பார்க்கிறவன் புழுவுக்கென்று எதற்குச் செடி வளர்ப்பான்? இளஞ்சிவப்பு காய்ப்புழு குஜராத்தில் தப்பிவிட்டதை 2010-ல் மான்சாண்டோவே ஒப்புக்கொண்டது.

நம் இயற்கை வழிக்கு இதில் விலக்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு கனடா ஆய்வைச் சொல்வேன். 1995-ல் வெளிவந்தது. அசுவினிக்கு வேம்பிலிருந்து பிரித்த அசாடிராக்டின் ஒன்றை மட்டும் 40 தலைமுறை கொடுத்தபோது தாங்கும் சக்தி 9 மடங்கு ஏறியது. வேப்பங்கொட்டைச் சாறு கொடுத்த கூட்டத்தில் ஏறவில்லை. பல பூட்டு போட்ட கதவு மாதிரி. ஆகவே கடையில் விற்கும் ஒற்றைப் பொருள் புட்டியைவிட, வீட்டில் இடித்துக் கரைத்ததே எனக்கு மேல்.

பக்கத்துக் கழனியைக் குத்தகைக்குப் பயிரிடும் தம்பி புகையானுக்கு மருந்து அடிப்பவர். என் கழனியில் நஞ்சு படாமல் வளரும் பூச்சி அங்கே போய்க் கலப்பதால்தான் அவர் மருந்துக்கும் கொஞ்சம் ஆயுசு என்று சொன்னேன். சிரித்தார். பொது வரப்பை ஒட்டி எட்டு வரிசை மருந்தில்லாமல் விடச் சொன்னேன்.

"நெலத்துக்காரர் கம்பெனிக்கு வித்துட்டா எத்தன பட்டம் சார் பாக்கப் போறோம்?" என்றார்.

இந்தச் சம்பாவில் நாலு வரிசை விட்டிருக்கிறார்.