ஒருவருக்கு ஒரே லைசென்ஸ்: ஜெர்மனி ஏன் பழைய அட்டையைக் கேட்கிறது?

ஜெர்மனிக்குக் குடிபெயர்பவர் இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு முதல் 6 மாதம் அங்கே கார் ஓட்டலாம். அதன் பிறகு அது செல்லாது. மீறி ஓட்டினால் உரிமமின்றி ஓட்டிய குற்றமாகும்; அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கலாம். தேர்வு வைக்காமல் மாற்றித்தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. எனவே எழுத்துத்தேர்வு, சாலைத்தேர்வு இரண்டிலும் தேறியாக வேண்டும். இதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். புதிய உரிமத்தைக் கையில் தருமுன் அதிகாரி ஊர் லைசென்ஸைக் கேட்கும்போதுதான் கசப்பு தொடங்குகிறது. தேர்வு எழுதிச் சம்பாதித்த உரிமத்துக்குப் பழையதை ஏன் விலையாகக் கொடுக்க வேண்டும்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விதி சரியானது என்றே நான் கருதுகிறேன்.

லைசென்ஸ் திறமைக்கான சான்று மட்டும் அல்ல. செய்த தவறு நம்மைத் தேடிவந்து சேரும் முகவரியும் அதுதான். அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் தனித்தனி உரிமம் வைத்துக்கொண்டு, அபராதங்களை அவற்றில் பிரித்துப் போட்டுக்கொண்டார்கள். எந்த ஒரு மாநிலத்தின் ஏட்டிலும் அவர்கள் ஆபத்தானவர்களாகத் தெரியவில்லை. 1986-இல் வந்த வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டம்தான் அவர்களுக்கு ஒரே உரிமம் என்று கட்டாயமாக்கியது. ஐரோப்பாவிலும் இதே கதை நடந்தது. குடித்துவிட்டு ஓட்டி ஜெர்மனியில் உரிமத்தை இழந்த சிலர், அங்கே கேட்கப்படும் தகுதிப் பரிசோதனைக்குப் பயந்து, செக் குடியரசிலும் போலந்திலும் புது உரிமம் வாங்கிவந்தார்கள். 2006-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, ஒருவருக்கு ஒரே உரிமம் என்பதை வலியுறுத்தியதோடு இந்தக் குறுக்குவழியையும் இறுக்கியது. இது நமக்கு அந்நியமான கொள்கையும் அல்ல. இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 6-வது பிரிவும் நாட்டுக்குள் ஒருவர் இரண்டு உரிமம் வைத்திருப்பதைத் தடுக்கிறது.

ஊர் லைசென்ஸ் போய்விட்டால் விடுமுறைக்கு வரும்போது எப்படி ஓட்டுவது என்பது அடுத்த கேள்வி. இங்கே ஜெர்மன் சட்டம் காட்டும் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஓட்டும் உரிமைக்கு ஒரு சொல், அதைக் காட்டும் அட்டைக்கு வேறு சொல் என்று அது பிரித்துப் பேசுகிறது. வாங்கிக்கொள்வது அட்டையை மட்டுமே. இந்தியா கொடுத்த உரிமையை ரத்துசெய்யும் அதிகாரம் ஜெர்மன் அலுவலகத்துக்கு இல்லை. அட்டையை அது வழங்கிய நாட்டுக்கு அனுப்பலாம், அல்லது தானே பாதுகாத்து வைக்கலாம். பாதுகாப்பில் இருந்தால், ஜெர்மன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை மீண்டும் பெற வழி உண்டு. இடைப்பட்ட பயணங்களுக்கு ஜெர்மன் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச்சீட்டு எடுத்துவரலாம். அந்தச் சீட்டு இன்னொரு லைசென்ஸ் அல்ல, கையில் உள்ள உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றது.

அட்டை தொலைந்துவிட்டதாக எழுதிக்கொடுத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் டூப்ளிகேட் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அது பொய் வாக்குமூலம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த அட்டையால் ஜெர்மனியில் பயனும் இல்லை. ஃப்ளென்ஸ்பர்க் நகரில் உள்ள மத்தியப் பதிவேட்டில் போக்குவரத்து விதிமீறல்களுக்காக 8 புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டும் உரிமை பறிபோகும். அப்படி இழந்தவர் அங்கே எந்த வெளிநாட்டு லைசென்ஸைக் காட்டியும் ஓட்ட முடியாது.

நான் குறை காண்பது வேறிடத்தில். ஊரில் லைசென்ஸ் வைத்திருந்தவர் கட்டாயப் பயிற்சி வகுப்புகளில் உட்கார வேண்டியதில்லை என்ற சலுகை நல்லதுதான். ஆனால் எழுத்துத்தேர்வை ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம். துருக்கியும் அரபும் அவற்றில் உண்டு, தமிழோ இந்தியோ இல்லை. ஆங்கிலம் படித்த பொறியாளருக்கு இது பொருட்டல்ல. ஜெர்மனும் ஆங்கிலமும் தடுமாறும் ஈழத்துத் தாய்க்கோ, உணவகத் தொழிலாளிக்கோ இது பெரிய சுவர். போராடிக் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலில் ஓர் இடத்தைத்தான். அட்டையைப் பொறுத்தவரை செய்யக்கூடியது எளிது: ஒப்படைக்கும் முன் இருபுறமும் நகல் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ரசீதும், அட்டை எங்கே வைக்கப்படும் என்ற பதிலும் வாங்கிக்கொள்வது.