விடுமுறை இல்லாதவர்களுக்கும் மே தினம்



மே முதல் நாளில் நாடெங்கும் உழைப்பாளர் தினம் கொண்டாடப்படுகிறது. அதே நாளில் நம் திருச்சபை, தொழிலாளரான புனித யோசேப்பை நினைவுகூர்கிறது. 1955-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இந்த விழாவை ஏற்படுத்தினார். உழைப்பாளர்களின் நாளில் நாசரேத்துத் தச்சரை அவர்களுக்குப் பாதுகாவலராகக் கொடுத்தார்.

இந்த நாள் எப்படி வந்தது? 1886 மே 1 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 4 அன்று சிகாகோ நகரின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. காவலர்களும் தொழிலாளர்களும் உயிரிழந்தார்கள். தொடர்ந்த வழக்கில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1889-இல் பாரிஸில் கூடிய மாநாடு, மே முதல் நாளை உலகத் தொழிலாளர் நாளாக்கியது. நம் நாட்டில் முதன்முதலாக 1923-இல், சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார்.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் இந்தக் குரல் எழுந்தது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நம் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. சில நாள்களில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார்.

வார விடுமுறை என்பது புதுக் கோரிக்கை அல்ல. ஓய்வுநாள் கட்டளையை இணைச்சட்ட நூலில் வாசித்துப் பாருங்கள். வீட்டுத் தலைவர் மட்டும் ஓய்ந்திருந்தால் போதாது. அவருடைய பணியாளரும் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறார் கடவுள்.

அமெரிக்காவில் தொழிலாளர் தினம் செப்டம்பர் மாதத்தில் வருகிறது. அதன் முதல் ஊர்வலம் 1882 செப்டம்பர் 5 அன்று நியூயார்க்கில் நடந்தது. அன்று வ.உ.சி.க்குப் பத்து வயது நிறைந்தது! இன்றும் அங்கே பல ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் சீருடையோடும் வண்டிகளோடும் அந்த ஊர்வலத்தில் கலந்துகொள்கிறார்கள். ஆனால் எல்லோரும் போக முடியாது. சிலர் மணி அடித்தால் ஓடுவதற்காக நிலையத்திலேயே இருக்க வேண்டும்.

நம் வீரர்களின் நிலையும் அதுதான். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் தீப்பிடித்த கப்பலை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள், கப்பல் வெடித்ததில் உயிரிழந்தார்கள். அதனால்தான் ஏப்ரல் 14 தீயணைப்போர் நாளாயிற்று. கிணற்றில் மாடு விழுந்தாலும், 2023 டிசம்பரைப்போல ஊரே வெள்ளத்தில் மிதந்தாலும் நாம் அவர்களைத்தான் அழைக்கிறோம். அவர்களுடைய பாதுகாவலரான புனித ஃபுளோரியானின் திருநாள் மே 4.

தீயணைப்பு நிலையத்தை ஒரு நாள் மூட முடியாது. அதனால் அவர்கள் முறை வைத்து ஓய்வெடுக்கிறார்கள். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அக்காவுக்கு அந்த முறையாவது உண்டா? நம் கடையில் நிற்கும் தம்பிக்கு உண்டா? தருவைகுளம், வேப்பலோடைப் பக்கம் உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்கள் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போய்விடுகிறதே! கூலியை இழந்து எடுக்கும் ஓய்வு அவர்களுக்கு ஓய்வாகுமா? கொடுக்காமல் நிறுத்திய கூலி கடவுளிடம் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார்.

ஆகவே இந்த மே முதல் நாளில் ஒன்று செய்வோம். நம்மிடம் வேலை செய்பவர்களுக்குக் கூலியோடு விடுமுறை கொடுப்போம். அன்று விட முடியாவிட்டால், எந்த நாள் என்பதை முன்கூட்டியே சொல்லி, அந்த வாரத்திலேயே கொடுப்போம். அன்றைய திருப்பலியில், விடுமுறை இல்லாமல் நமக்காக விழித்திருக்கும் வீரர்களுக்காகவும் மன்றாடுவோம்.

தொழிலாளரான புனித யோசேப்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.