விழிஞ்ஞம் கரையில் இளைஞர் ஆற்றல்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கேயுள்ள விழிஞ்ஞம், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் மிகுந்த சுறுசுறுப்படைகிறது. பிற கரைகளில் அலை சீறும் நாட்களில் இங்குள்ள மீன்பிடித் துறைமுகம் புகலிடம் தருவதால், அயலூர்ப் படகுகளும் வந்து தொழில் செய்கின்றன. கேரளத்தில் பள்ளிகள் திறப்பதும் ஜூன் மாதத்திலேயே. வருமானம் பெருகும் பருவமும் புதிய வகுப்பின் முதற்பாடங்களும் ஒருங்கே வந்து சேர்கின்றன. ஒரு சிறுவனின் கல்வி எங்கே தடைப்படக்கூடும் என்று அறிய விரும்பும் அலுவலர், முதலில் இந்த நாட்காட்டியைப் பார்த்தல் நலம்.

மீனவ இளைஞரைப் பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் குறைகளின் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றன. அவர்களிடம் உள்ளது எது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலறிஞரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பப் பூசல் முதலிய இடர்கள் பல ஒருசேரச் சூழ வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் தன்னம்பிக்கையும் உடையவராக உருவாயினர். பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, விடாது அக்கறை காட்டிய பெரியவர் ஒருவரேனும் அவர்களுக்கு வாய்த்திருந்தார் என்பது அவ்வாய்வின் முக்கிய முடிவுகளுள் ஒன்று.

விழிஞ்ஞத்து இளைஞரின் ஆற்றல் எத்தகையது என்பதை 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளம் நாட்டிற்குக் காட்டிற்று. இப்பகுதி மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, வெள்ளம் சூழ்ந்த உள்நாட்டு ஊர்களில் மக்களை மீட்டனர். நீரோட்டம் அறிதல், குழுவாக இயங்குதல், ஆபத்தில் நிதானம் இழவாமை ஆகிய இவற்றிற்கு எந்தப் பள்ளியும் சான்றிதழ் தருவதில்லை. பின்னர்க் கேரள அரசு மீனவ இளைஞர்களைக் கடலோரக் காவல் நிலையங்களில் வார்டன்களாக அமர்த்தியது. கடலறிவே தகுதியாக மதிக்கப்பட்ட இந்த ஏற்பாடு, அளவில் சிறிதாயினும், நல்ல தொடக்கம்.

இளைஞன் தனியே நிற்பவன் அல்லன். குடும்பத்தின் கடன் அவனுடைய கடனுமாகும். வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர் மீனையும் அவர் சொன்ன விலைக்கே விற்க நேரும். இந்தப் பிணைப்பை அறுக்கவே திருவனந்தபுரம் கடற்கரையில் மீனவர் சங்கங்கள் தோன்றின. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவற்றை இணைத்தது. சங்கமே மீனை ஏலமிட்டு, வரவில் ஒரு பகுதியைக் கடன் தவணைக்கும் ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்கிறது. மகனை இடையில் பள்ளியிலிருந்து நிறுத்தாதிருக்கும் வலிமை, பல வீடுகளில் இத்தகைய சேமிப்பிலிருந்தே பிறக்கக்கூடும்.

புதிய சோதனை பெருந்துறைமுகத்தின் வடிவில் வந்தது. 2015 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கிற்று. கடலரிப்பும் வாழ்வாதார இழப்பும் குறித்த அச்சத்தால் 2022இல் மீனவ மக்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். 2024 ஜூலையில் முதற் சரக்குப் பெட்டகக் கப்பல் வந்தது. 2025 மே 2இல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து தானியங்கிப் பாரந்தூக்கிகளை இயக்கும் பணியில் இப்பகுதி மீனவக் குடும்பப் பெண்களும் இடம்பெற்றிருப்பது கவனத்திற்குரியது. மாநில அரசின் திறன் பயிற்சிப் பூங்கா ஒன்றும் விழிஞ்ஞத்தில் அமைந்துள்ளது. வேலை வீட்டிற்கு அருகில் இருப்பதும், அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி அதைச் செய்வதைக் கண்ணால் காண்பதும், தயங்கும் பெற்றோரிடத்து அறிவுரைகளைவிடப் பெரிதும் பயன்தரும். ஆயினும் அச்சப்பட்டோரின் கேள்விகள் இதனால் தீர்ந்துவிடவில்லை.

உதவித் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. வலியதுறையில் மீனவர் பிள்ளைகளுக்கான தொழில்நுட்பப் பள்ளி உண்டு. நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சியளிக்கும் 'வித்யாதீரம்' திட்டமும் உண்டு. 2017இன் ஒக்கிப் புயலில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குக் கேரள அரசு 20 லட்சம் ரூபாய் வழங்கிற்று. தேவைப்படுவது, இவற்றைப் பிள்ளையின் வாசல்வரை கொண்டுசேர்த்து, அடுத்த ஆண்டும் வந்து விசாரிக்கும் ஓர் ஆள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்படி கடலோர ஊர்களில் 'சாகர் மித்ரா' எனும் ஊழியர் உள்ளனர். அன்றாட மீன்வரவு, விலை, வானிலை ஆகிய விவரங்கள் அவர்கள் பொறுப்பு. ஊரில் அவ்வாண்டு பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் அவர்களிடம் ஒப்படைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது; ஜூன் மாதத்தில் யார் வகுப்பில் இல்லை என்பதை முதலில் அறியக்கூடியவர்கள் கரையில் நிற்கும் அவர்களே.