பிஎச்.டி. ஆய்வு முன்மொழிவு: தலைப்பு இருந்தா மட்டும் போதுமா?

"பிஎச்.டி. பண்ணப் போறேன், தலைப்பு ரெடி" என்று போய் நிற்பவர்களிடம் நெறியாளர்கள் திருப்பிக் கேட்பது, "சரி, உங்க கேள்வி என்ன?" என்றுதான். பலர் தடுமாறும் இடம் இது.

முன்மொழிவு என்றால் என்ன?

எதைக் கண்டறியப் போகிறேன், அது ஏன் தேவை, எப்படிச் செய்வேன், எவ்வளவு காலம் ஆகும்? இந்த நான்குக்கும் பதில் சொல்லும் சில பக்கங்கள்தான் ஆய்வு முன்மொழிவு. யுஜிசியின் 2022 விதிமுறைகளின்படி, ஆய்வு ஆலோசனைக் குழு இதைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்யும்.

ஏன் இவ்வளவு கவனம்?

பிஎச்.டி. முடிக்கக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் கூடுதலாக 2 ஆண்டுகள் கிடைக்கலாம். ஆனால், யுஜிசியின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 5 ஆண்டுகளோடு நின்றுவிடும். கேள்வி ரொம்ப அகலமாக இருந்தால், தகவல் திரட்டுவதிலேயே அந்தப் பணமும் காலமும் கரைந்துவிடும்.

எப்படிச் சுருக்குவது?

'சமூக ஊடகமும் இளைஞர்களும்' என்பது வெறும் தலைப்பு. யார், எங்கே, எதை என்று கேட்டுப் பாருங்கள். 'மதுரையில் அரசு வேலைக்குத் தயாராகும் பட்டதாரிகள், வாட்ஸ்அப்பில் வரும் வேலை அறிவிப்பு உண்மையா என்று எப்படிச் சரிபார்க்கிறார்கள்?' இது கேள்வி. யாரிடம் பேசணும், என்ன கேட்கணும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஏற்கெனவே யாராவது செய்திருந்தால்?

'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். பதிவின்போது ஏற்கப்பட்ட முன்மொழிவுகள் 'சோத்கங்கோத்ரி'யில் இருக்கும். இரண்டிலும் தேடுங்க. அதே தலைப்பு இருந்தால் பதற வேண்டாம்; அவர்கள் தொடாமல் விட்டது எது என்று பாருங்கள். முந்தைய ஆய்வுகளை வரிசையாக அடுக்குவதைவிட, அந்த இடைவெளியைக் காட்டுவதுதான் முக்கியம்.

அங்கிருந்து காப்பி அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். யுஜிசியின் 2018 விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே நடவடிக்கை உண்டு. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முன்மொழிவில் ஒட்டிய பத்தி அப்படியே ஆய்வேட்டுக்குள்ளும் வந்துவிடும் என்பதை மறக்காதீங்க.

கொடுப்பதற்கு முன்...

ஐந்து பேரிடம் உங்கள் கேள்விகளைக் கேட்டுச் சோதித்துப் பாருங்கள். அவர்களுக்குப் புரியவில்லை என்றால் உடனே மாற்றிவிடலாம். மூன்றாம் ஆண்டில் மாற்ற நேர்ந்தால், அதுவரை திரட்டிய தகவல்கள் பயன்படாமல் போகலாம்.